வீட்டு சிமுலேட்டரில் ஹாரியர்: அந்தரத்தில் நிறுத்தி இறக்குவது எப்படி?

நின்ற இடத்திலிருந்தே எழும்பவும் இறங்கவும் கூடிய ஜெட் போர் விமானமான ஹாரியரை சிமுலேட்டரில் முதல்முறை எடுக்கிறவர்கள் அநேகமாக எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். எஞ்சின் காற்று வெளியே வரும் குழாய்வாயான நாசிலைக் கீழே திருப்பி, எஞ்சின் பலத்தைக் கூட்டும் த்ராட்டிலை முழுசாகத் தள்ளி, நின்ற இடத்திலிருந்து நேரே மேலே தூக்கப் பார்க்கிறார்கள். பத்து அடி எழும்பும், ஒரு பக்கம் சாயும், பதறி மறுபக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் கவிழும், முடிந்தது. பாளையங்கோட்டையில் தெரிந்த காலேஜ் தம்பி ஒருவன் போன் போட்டு, "அண்ணாச்சி, இது நிக்கவே மாட்டேங்கு, ஜாய்ஸ்டிக்ல கோளாறா?" என்று கேட்டான். ஜாய்ஸ்டிக்கில் ஒன்றுமில்லை. செங்குத்தாக எழும்புவது கடைசியில் படிக்க வேண்டிய பாடம், அதை அவன் முதலில் எடுத்துவிட்டான், அவ்வளவுதான். முதலில் ஓடி எழும்பப் பழகுங்கள், அப்புறம் வேகத்தைக் குறைத்துக் காற்றிலேயே நிறுத்துங்கள், அப்புறம் இறக்குங்கள். இந்த வரிசையில் போனால் கண்டிப்பாக வரும்.

விமானத்தைத் தெரிந்துகொள்வோம்

ஹாரியரில் இருப்பது பெகாசஸ் என்ற ஒரே ஒரு எஞ்சின். அதன் காற்று நான்கு நாசில் வழியாக வெளியே வரும். முன்னால் உள்ள இரண்டில் ஃபேன் தள்ளுகிற குளிர்ந்த காற்று, பின்னால் உள்ள இரண்டில் எரிந்து வருகிற சூடான காற்று. நான்கும் சேர்ந்தே திரும்பும். பின்னால் பார்த்தபடி இருந்தால் சாதாரண ஜெட், கீழே பார்த்தபடி இருந்தால் எஞ்சினே மொத்த எடையையும் சுமக்கும்.

அந்தரத்தில் நிற்கும்போது இறக்கை மேல் காற்றோட்டம் கிடையாது, அதனால் மூக்கை மேலே கீழே அசைக்கும் எலிவேட்டர், இடம் வலமாகத் திருப்பும் ரடர் என்ற வழக்கமான வால் பலகைகள் எதுவும் பிடிக்காது. அதற்காக எஞ்சினிலிருந்து அழுத்தக் காற்றைப் பிரித்தெடுத்து மூக்கு, வால், இறக்கை நுனிகளில் இருக்கும் சின்னத் துவாரங்கள் வழியாகப் பீய்ச்சுகிறார்கள். நீங்கள் ஸ்டிக்கை அசைத்தால் அந்தப் பீய்ச்சல்தான் விமானத்தைத் திருப்பும். அந்தக் காற்றும் எஞ்சினிலிருந்தே போவதால், ஸ்டிக்கைப் போட்டு ஆட்டினால் தூக்கும் பலமும் குறையும். புதிதாக ஓட்டுகிறவர்களின் விமானம் ஆடிக்கொண்டே கீழே இறங்குவதற்கு இது ஒரு காரணம்.

என்னென்ன வேண்டும்

ஃப்ளைட்கியர் என்ற சிமுலேட்டர் இலவசம், அதில் ஹாரியர் உண்டு. டிசிஎஸ் என்ற இன்னொரு சிமுலேட்டருக்கு, ஹாரியரின் அமெரிக்க வகையான ஏவி-8பி தனியாகக் காசுக்கு வந்தது, அதன் காக்பிட்டில் உள்ள சுவிட்சுகள் பெரும்பாலும் வேலை செய்யும். கீழே நான் சொல்லும் எண்கள் ஏவி-8பி-க்கானவை. ட்விஸ்ட் ரடர் உள்ள, அதாவது பிடியை முறுக்கினால் ரடர் அசையும், சாதாரண ஜாய்ஸ்டிக் போதும். அதன் ஸ்லைடரை த்ராட்டிலுக்கு வைத்துக்கொண்டு, நாசிலுக்கு இன்னொரு ஆக்சிஸ் இருந்தால் அதையும், இல்லாவிட்டால் கைக்கு எட்டும் இரண்டு பட்டன்களையும் ஒதுக்குங்கள். நிஜ விமானத்திலும் நாசில் லீவர் த்ராட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும், இடது கைதான் இரண்டையும் பார்த்துக்கொள்ளும். ஸ்டிக்கின் கர்வ் அமைப்பைக் கொஞ்சம் கூட்டி, நடுப்பகுதியில் மெதுவாக அசையும்படி செய்துகொள்ளுங்கள்.

ஃப்ளைட்கியரில் நம்ம தூத்துக்குடி விமான நிலையத்தையே, அதாவது வாகைகுளத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஓடுபாதை கிழக்கு மேற்காகப் போகிறது, மேற்கே பார்த்து நின்றால் தூரத்தில் வல்லநாட்டு மலை. அது நமக்குப் பிறகு உதவும். டிசிஎஸ்ஸில் நம்ம ஊர் கிடையாது, இலவச மேப்பில் வரும் பத்தூமி போதும்.

எடையும் வெயிலும்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஏவி-8பி வெறும் விமானமாக சுமார் 6.3 டன். ஓடி எழும்பினால் 14 டன் வரை தூக்கும். செங்குத்தாக எழும்புவதென்றால் சுமார் 9.4 டன்தான். முழு டேங்க் எரிபொருளும் குண்டும் ஏற்றிக்கொண்டு நேரே மேலே போக முடியாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. 1983 முதல் 2016 வரை நம் கடற்படையில் இருந்த சீ ஹாரியர்களும் ஐஎன்எஸ் விராட் கப்பலின் மேல்நோக்கி வளைந்த முன்தளத்தில் ஓடித்தான் எழும்பின, திரும்பி வரும்போதுதான் நேரே கீழே இறங்கின.

அடுத்தது வெப்பம். சூடான காற்றின் அடர்த்தி குறைவு, எஞ்சினின் பலமும் குறையும். சிமுலேட்டரில் வெப்பநிலையை 15 டிகிரி வைத்து ஒருமுறை, அக்னி நட்சத்திர வெயில் மாதிரி 40 வைத்து ஒருமுறை பறந்து பாருங்கள், த்ராட்டில் நிற்கிற இடமே மாறியிருக்கும். பழகும்போது ஆயுதம் எதுவும் வேண்டாம், எரிபொருள் கால்வாசி, வெப்பம் 20, காற்று பூஜ்யம்.

படி 1: ஓடி எழும்புவது

இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் ஃப்ளாப்பை ஸ்டோல் (STOL) நிலையில், அதாவது குறைந்த தூரத்தில் எழும்பி இறங்குவதற்கான நிலையில், வையுங்கள். நாசில் 10 டிகிரி (பூஜ்யம் என்றால் நேர் பின்னால், 90 என்றால் நேர் கீழே). முழு த்ராட்டில். வேகம் 80 நாட் (விமான வேகத்தின் அளவு) வந்ததும் நாசிலை 55-க்கு இறக்குங்கள், விமானம் தானாகவே தரையை விட்டுவிடும். மூக்கை ரொம்பத் தூக்காமல், இறக்கையை மட்டமாக வைத்து, வேகம் ஏற ஏற நாசிலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் திருப்புங்கள். சட்டென்று முழுசாகத் திருப்பினால் இறக்கை இன்னும் சுமக்கத் தொடங்கியிருக்காது, விமானம் அப்படியே உட்கார்ந்துவிடும்.

படி 2: வேகத்தைக் குறைத்து நிறுத்துவது

மொத்தப் பாடமும் இங்கேதான் இருக்கிறது, இதற்கே அதிக நேரம் கொடுங்கள். உயரம் த்ராட்டிலில், வேகம் நாசிலில், சாய்வு ஸ்டிக்கில். மூன்றையும் கலக்காதீர்கள்.

ஓடுபாதைக்கு நேராக, 300 அடி உயரத்தில், சக்கரத்தை இறக்கி, நாசிலை 60-இல் வைத்து வாருங்கள். அரை மைல் இருக்கும்போது நாசிலை ஹோவர் ஸ்டாப்புக்கு, அதாவது அந்தரத்தில் நிற்பதற்கான 82 டிகிரிக்கு, கொண்டுபோங்கள். வேகம் சரசரவென்று இறங்கும். கூடவே இறக்கையின் தூக்கும் விசையும் போய்க்கொண்டே இருக்கும். எஞ்சின் உங்கள் கைக்கு உடனே பதில் சொல்லாது என்பதால், விமானம் இறங்கத் தொடங்குவதற்கு முன்பே த்ராட்டிலைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும்.

30 முதல் 100 நாட் வரை ஒரு ஆபத்து இருக்கிறது. காக்பிட் கண்ணாடிக்கு முன்னால், மூக்கின் மேல் சின்னதாக ஒரு காற்றுக்காட்டி நட்டு வைத்திருப்பார்கள், பார்த்திருக்கிறீர்களா? அழகுக்கு வைத்தது இல்லை. இந்த வேகத்தில் காற்று பக்கவாட்டில் பட்டால், அதை விழுங்குகிற எஞ்சின் வாய் மூக்கைக் காற்றிலிருந்து இன்னும் விலக்கித் தள்ளும். காற்று வருகிற பக்கத்து இறக்கை மட்டும் தூக்கத் தொடங்கும். ஸ்டிக்கை முழுசாக எதிர்ப்பக்கம் சாய்த்தாலும் நிறுத்த முடியாமல் புரண்டுவிடும். நிஜத்திலேயே விமானிகளின் உயிரைக் குடித்த விஷயம் இது. அதனால் கண் அந்தக் காட்டியை விட்டு நகரக் கூடாது. அது ஒரு பக்கம் திரும்புகிற மாதிரி தெரிந்ததுமே ரடரால் நேராக்குங்கள், அந்த நேரத்தில் விமானத்தைச் சாய்க்கவே சாய்க்காதீர்கள்.

30 நாட்டுக்குக் கீழே வந்ததும் ஓடுபாதையைக் குனிந்து பார்க்காதீர்கள். வல்லநாட்டு மலை மாதிரி தூரத்தில் ஒன்றும், பக்கவாட்டில் ஒரு கட்டடமும் குறித்துக்கொள்ளுங்கள். மலை மேலே போகிறதா கீழே போகிறதா என்பதில் மூக்கின் நிலை தெரியும், கட்டடம் நகர்வதில் முன்னே போகிறீர்களா பின்னே போகிறீர்களா என்பது தெரியும். திருத்தங்கள் சின்னதாக, முன்கூட்டியே இருக்கட்டும். நெல்லையப்பர் தேருக்குச் சறுக்குக்கட்டை போடுகிறவர்களைப் பாருங்கள், தேர் விலகின பிறகு போட மாட்டார்கள், விலகப் போகிறது என்று தெரிந்ததுமே போட்டுவிடுவார்கள். அதே கைதான் இங்கேயும் வேண்டும்.

படி 3: இறக்குவது

60 அடியில் ஆடாமல் நின்றால் த்ராட்டிலை மயிரிழை குறையுங்கள். ஒரே சீராக இறங்கட்டும். தரைக்குப் பக்கத்தில் தயங்கி நிற்பதுதான் தப்பு. நாசிலின் சூடான காற்று தரையில் பட்டுத் திரும்பி எஞ்சின் வாய்க்கே போனால் பலம் குறைந்து விமானம் தொப்பென்று விழும். சக்கரம் பட்டதும் த்ராட்டில் ஐடில் (மிகக் குறைந்த நிலை), நாசில் பின்னால், பிரேக். இதில் தாமதம் கூடாது.

படி 4: இனி செங்குத்தாக

இப்போது தூக்கலாம். மூக்கைக் காற்று வருகிற திசைக்கு வைத்து, ஸ்டிக்கை நடுவில் பிடித்து, நாசில் 82, த்ராட்டில் ஒரே தள்ளு. மெதுவாகத் தள்ளினால் அதே சூடான காற்றில் மாட்டிக்கொள்வீர்கள். 50 அடி தாண்டியதும் கொஞ்சம் குறைத்து நிறுத்துங்கள். எடை எல்லையை ஒட்டி இருந்தால் எஞ்சினில் தண்ணீர் பீய்ச்சும் சுவிட்சைப் போடலாம், ஆனால் அந்தத் தண்ணீர் ஒன்றரை நிமிடம்தான் வரும்.

இது கை பழகியதும் சிமுலேட்டரில் ஆடிக் காற்றைக் கொண்டுவாருங்கள். மேற்கிலிருந்து 20 நாட். முதலில் காற்றைப் பார்த்து நின்று இறக்குங்கள், அப்புறம் அந்தரத்தில் நின்றபடியே ரடரை மட்டும் வைத்து மூக்கை மெதுவாக வடக்கே திருப்பி, ஒரு சுற்று சுற்றி, திரும்ப மேற்கே கொண்டுவந்து நிறுத்துங்கள்.