பழுது லென்ஸில் இல்லை: இரைகொல்லிப் பறவைகளைப் படமெடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு திறந்தவெளியில் பருந்துகளுக்காக நாலைந்து பேர் காத்திருந்தோம். அதில் ஒரு தம்பியின் கையில் புத்தம்புது 200-600 மிமீ ஜூம் லென்ஸ். மணி 11 ஆகிவிட்டது, வெயில் முதுகைச் சுட்டது. நூறு மீட்டருக்கு அப்பால் ஒரு பட்டமரத்தில் கரும்பருந்து உட்கார்ந்திருந்தது. தம்பி மளமளவென்று அறுபது எழுபது படங்களைத் தட்டிவிட்டு, திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். முகம் வாடிப்போனது. "அண்ணே, லென்ஸ்ல ஏதோ கோளாறு போல. திருப்பிக் கொடுத்துடலாமா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, பழைய எரிச்சல்தான் வந்தது. அதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். கேட்டதோடு நிற்காமல் காரியத்திலும் இறங்கிக் காசை விட்டவன் நான்.

லென்ஸ் மூடியைக் கழற்ற மறப்பது, கார்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை பட்டால் அவை தாமாகவே திருந்திவிடும். வருடக்கணக்கில் செய்துகொண்டே இருந்தும் தவறு என்றே தெரியாமல் போகிறதே, அந்த வகைதான் என் கணக்கு.

கானலைப் படமெடுத்துவிட்டு லென்ஸைத் திட்டுவது

என் முதல் நீள லென்ஸை இரண்டு முறை சர்வீசுக்கு அனுப்பினேன். இரண்டு முறையும் "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று திரும்பி வந்தது. நான் நம்பவில்லை. சுவரில் அச்சிட்ட தாளை ஒட்டி, வீட்டுக்குள்ளேயே பத்தடி தூரத்தில் சோதித்தேன். எழுத்து கத்தி மாதிரி விழுந்தது. அப்போதாவது புரிந்திருக்க வேண்டும். "கிட்டத்தில் நன்றாகத்தான் இருக்கிறது, தூரத்தில்தான் சொதப்புகிறது" என்று நானே ஒரு முடிவுக்கு வந்து, அதைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு, கடன் வாங்கி 600 மிமீ பிரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) ஒன்றை வாங்கினேன். முதல் நாள் நண்பகலில் எடுத்த படம், அச்சு அசல் பழைய படம்தான். அதே கூழ்.

புது லென்ஸும் கோளாறு என்று முடிவுகட்டி, ட்ரைபாடில் மாட்டி, தூரத்து வேலிக்கம்பம் ஒன்றை லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில் நேரடியாக, 10 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தேன். மண்ணில் ஆழமாக நட்ட கல் கம்பம். அது திரையில் ஈரத்துணி மாதிரி நெளிந்துகொண்டிருந்தது. அதன் விளிம்பு உள்ளே போய் வெளியே வந்தது, மேல்முனை அறுந்து அறுந்து சேர்ந்தது. கல் கம்பம் ஆடாது. அப்படியானால் நடுவில் இருப்பது எதுவோ அதுதான் ஆடுகிறது.

விஷயம் இதுதான். வெயிலில் தரை சூடாகிறது. தரையை ஒட்டிய காற்றும் சூடாகி, லேசாகி, குமிழ் குமிழாக மேலே எழும்புகிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை ஒரே அளவில் வளைப்பதில்லை. பறவைக்கும் உங்களுக்கும் இடையே நூறு மீட்டருக்கு இப்படி ஆயிரம் குட்டி லென்ஸ்கள் இருக்கின்றன, எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கின்றன. உங்கள் 600 மிமீ லென்ஸ் பறவையைப் பெரிதாக்கும்போது இந்தக் குழப்பத்தையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். சின்ன லென்ஸில் இதே கானல் கண்ணில் படாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்கு நாம் செய்யும் வைத்தியம் எதுவும் எடுபடாது. ஷட்டர் வேகத்தை 1/4000 ஆக்கினால் நெளிந்த உருவம் நெளிந்தபடியே உறையும். லென்ஸின் துளையை, அதாவது அபெர்ச்சரை, சுருக்கினாலும் பயனில்லை. ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் பார்த்துக்கொள்ளும், காற்றின் நடுக்கம் அதன் பொறுப்பில்லை. மென்பொருளில் கூர்மையை ஏற்றினால் அலகைச் சுற்றிக் கறுப்புக் கோடு விழும், இறகு விழாது. கூடுதல் மெகாபிக்சல் கேமரா வாங்கினால், கானலைக் கூடுதல் நுணுக்கத்தோடு பார்க்கலாம்.

சரி, குறை லென்ஸிலா காற்றிலா என்று எப்படிப் பிரிப்பது? ஃபோகஸ் தவறியிருந்தால், பறவைக்கு முன்னாலோ பின்னாலோ ஏதாவது ஒரு கிளை, ஒரு புல் பளிச்சென்று இருக்கும். கானலில் எதுவுமே பளிச்சென்று இருக்காது. இருபது படங்களைத் தொடர்ந்து எடுத்துப் பாருங்கள்: ஒன்றில் தலை தேறியிருக்கும், அடுத்ததில் தலை குழம்பி வால் தேறியிருக்கும். லென்ஸ் கோளாறு இப்படி இடம் மாறி விளையாடாது. பின்னணி மங்கலைக் கவனியுங்கள். வழவழவென்று இருக்க வேண்டியது பிசிறு பிசிறாக, இரட்டைக் கோடாக இருந்தால் அது கானல். உட்கார்ந்திருக்கும் பறவை மேல் ஆட்டோஃபோகஸ் நிலைகொள்ளாமல் முன்னும் பின்னும் போய்வருவதும் அதே அறிகுறிதான்.

வெயிலுக்கு மட்டும்தான் இது என்று நினைத்துவிட வேண்டாம். காரணம் சூடு அல்ல, சூட்டு வித்தியாசம். கடுங்குளிர் காலையில் ஏரித்தண்ணீர் காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கும். மீன் பிடிக்க இறங்கும் விரால் அடிப்பானை அதற்கு மேலாக எடுத்துப் பாருங்கள், தெரியும். இன்னும் கேவலமானது, கானலை நாமே கையோடு கொண்டுபோவது. ஏசி ஓடும் காரின் ஜன்னலைத் திறந்து லென்ஸை நீட்டினால், உள்காற்றும் வெளிக்காற்றும் சரியாக லென்ஸுக்கு முன்னால்தான் கலக்கும். இப்போதுதான் நிறுத்திய வண்டியின் பானெட்டுக்கு மேலாக எடுத்தாலும் அதே கதை. நீளமான லென்ஸ் ஹூடுக்குள்கூட இது நடக்கும். சூடான வண்டியிலிருந்து குளிருக்கு எடுத்த லென்ஸ் ஆறும்வரை, அந்தக் குழாய்க்குள் காற்று குழம்பிக்கொண்டே இருக்கும். நான் இப்போது வந்து இறங்கியதும் லென்ஸை வெளியே வைத்து, அரைமணி நேரம் ஹூட் இல்லாமல் ஆறவிடுகிறேன்.

மாற்று இரண்டு மூன்றுதான் உண்டு. ஒன்று, விடிந்ததும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம், இல்லாவிட்டால் மேகமூட்டமான நாள். இரண்டு, தூரத்தைக் குறைப்பது. 60 செமீ நீளப் பருந்து 100 மீட்டரில் இருந்தால், 600 மிமீ லென்ஸ் சென்சார் மேல் போடும் உருவம் வெறும் 3.6 மிமீ. ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அகலம் 36 மிமீ. பத்தில் ஒரு பங்கை வெட்டிப் பெரிதாக்கிவிட்டு இறகின் நரம்பைத் தேடினால் எங்கிருந்து வரும்? அதே பறவை 30 மீட்டரில் இருந்தால் 12 மிமீ.

மூன்றாவது, நண்பகலில் வேலியை விட்டுவிட்டு அண்ணாந்து பார்ப்பது. உங்கள் படத்தைக் கெடுக்கிற அதே வெப்பக்காற்றைத்தான் கழுகுகளும் பிணந்தின்னிக் கழுகுகளும் படிக்கட்டாக்கி மேலே வட்டமடிக்கின்றன. தரை சூடாகும்வரை அவை கிளையை விட்டு அசையாமல் இருப்பதும் அதனால்தான். தலைக்கு நேர் மேலே வட்டமிடும் பறவையை நோக்கும்போது பார்வை தரையொட்டிய குழப்பத்தைச் சில மீட்டரில் கடந்துவிடும். தரையோரக் கம்பத்தில் உட்கார்ந்திருப்பதை எடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

தம்பியை அதே பட்டமரத்தை லைவ் வியூவில் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னேன். "அண்ணே, கிளை நெளியுதே!" என்றார். பக்கத்தில் புல் நுனிகூட அசையவில்லை.

டெலிகன்வர்ட்டர் தூரத்தைக் குறைக்கும் என்று நம்புவது

குறைக்காது. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் அந்தத் துண்டு உருவத்தைத்தான் பெரிதாக்கும், கூடவே வெளிச்சத்தைக் குறைக்கும்: எஃப் 6.3 லென்ஸ் 1.4 மடங்கில் எஃப் 9 ஆகும், 2 மடங்கில் எஃப் 13 ஆகும் (எஃப் எண் ஏற ஏற வெளிச்சம் குறையும்). கானல் இலவச இணைப்பு.

காற்று எங்கிருந்து வீசுகிறது என்று பார்க்காமல் நிற்பது

சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று எல்லாரும் முதல் நாளே சொல்லித் தருகிறார்கள். காற்றும் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பறவை எழும்புவதும் இறங்குவதும் காற்றை எதிர்த்துத்தான். காற்று உங்கள் முகத்தில் அடித்தால், பறவை உங்களுக்கு முதுகைக் காட்டித்தான் கிளம்பும். என் கணினியில் 'வால்கள்' என்று ஒரு கோப்புறையே உண்டு, முதல் இரண்டு வருட உழைப்பு முழுக்க அதில்தான் கிடக்கிறது.

கெஸ்ட்ரல் என்ற சிறு வல்லூறு மாதிரி அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும் பறவைகளும் காற்றைப் பார்த்துத்தான் நிற்கும். உடம்பு முழுக்க ஆடினாலும் தலை மட்டும் ஆணி அடித்த மாதிரி அசையாது. அந்த முகம் வேண்டுமென்றால் காற்று வரும் பக்கத்தில் நில்லுங்கள். வெயிலும் காற்றும் ஒரே பக்கம் அமையாத நாளில் நான் காற்றைத்தான் தேர்ந்தெடுப்பேன். பக்கவெளிச்சத்தை எப்படியாவது சமாளித்துவிடலாம், வாலை முகமாக்க முடியாது.

அப்புறம், கிளம்புவதற்கு முன் பறவை சொல்லிவிட்டுத்தான் கிளம்பும். முன்னால் சாயும், இறகை உடம்போடு இறுக்கும், பல நேரம் எச்சமிடும். எச்சம் விழுந்ததும் விரல் ஷட்டரில் இருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத் திரையில் பழைய படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் நம் ஆட்கள்.

உட்கார்ந்த பறவையால் படச்சட்டத்தை நிரப்பி வைப்பது

உட்கார்ந்திருக்கும்போது 60 செமீ இருக்கும் கரும்பருந்து, சிறகை விரித்தால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். 30 மீட்டரில், 600 மிமீயில், அது 36 மிமீ சட்டத்தில் 30 மிமீயை நிரப்பிவிடும். கொஞ்சம் உங்கள் பக்கம் வந்தாலும் சிறகு முனை போய்விடும். நாலைந்து உட்கார்ந்த படம் எடுத்ததும் ஜூமை 400க்கு இறக்கிவிட்டுக் காத்திருங்கள். பறக்கும் பறவையை வியூஃபைண்டரில் தேடுவதும் எளிதாகும். 600 மிமீயில் மூலைக்கு மூலை நாலு டிகிரிதான் தெரியும், அதற்குள் பருந்தைத் தேடுவது சாவித்துவாரம் வழியாக வானத்தைப் பார்க்கிற வேலை.

ஷட்டர் வேகத்தில் கஞ்சத்தனம்

பறக்கிறதா? 1/2000க்குக் கீழே இறங்காதீர்கள். ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும்.

வெள்ளை வானத்தில் கரிக்கட்டை

வெளிறிய வானத்தைப் பின்னணியாக வைத்தால் கேமரா வானத்துக்கு ஏற்ப அளவெடுக்கும், பருந்து கரிக்கட்டை ஆகிவிடும். எக்ஸ்போஷரை ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை ஏற்றுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). வானம், மரம், மலை என்று பின்னணி மாறிக்கொண்டே இருந்தால் மேனுவல்தான் நிம்மதி: பறவை மேல் விழும் வெளிச்சம் மாறாதவரை எண்ணும் மாற வேண்டாம். இருண்ட மரங்களுக்கு முன்னால் வெள்ளை உடம்புப் பறவை பறந்தால் கணக்கு தலைகீழ்.

முன்னால் மாட்டும் பாதுகாப்பு ஃபில்டர்

கழற்றுங்கள்.

கிட்டே போ என்றதும் நேராக நடப்பது

தூரத்தைக் குறையுங்கள் என்று மேலே நானே எழுதியிருக்கிறேன், அதனால் இதையும் எழுத வேண்டியிருக்கிறது. நேராக, நிமிர்ந்து, கண்ணை எடுக்காமல் நடந்து வரும் உருவத்தைப் பறவை எப்படி எடுத்துக்கொள்ளும்? தானே வேட்டையாடும் பிராணி, வேட்டையாட வருபவனை அதற்கு நன்றாகவே தெரியும். வண்டிக்குள்ளேயே இருங்கள், எஞ்சினை அணைத்துவிட்டு ஜன்னலில் லென்ஸைத் தாங்கப் பீன் பேக் (மணிகள் நிரப்பிய பை) வைத்துக்கொள்ளுங்கள். அல்லது அது வழக்கமாக வரும் கிளையைக் கண்டுபிடித்து, முன்னதாகவே போய் உட்கார்ந்துவிடுங்கள். இரண்டாவது முறையில் ஒரு காலைப்பொழுது முழுக்க வீணாகலாம். எனக்குப் பல காலைகள் வீணாகியிருக்கின்றன, ஆனால் சுவரில் மாட்டியிருக்கும் படங்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

ஒருநாள் ஒரு சிறிய பருந்து எலியைக் காலில் பிடித்தபடி கம்பத்தில் இறங்கியது. இன்னும் ஐந்தடி, இன்னும் ஐந்தடி என்று போனேன். இறகு கோதுவதை நிறுத்திவிட்டு அது என்னையே பார்த்தது. அங்கேயே நின்றிருக்க வேண்டும். மேலும் ஓரடி வைத்தேன், அது எலியைப் போட்டுவிட்டுப் பறந்துவிட்டது. கம்பத்தடிக்குப் போனபோது எலி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அந்த வேட்டைக்கு அது எத்தனை முறை தோற்றிருக்குமோ. படமும் வால்தான்.

கூடு

வேண்டாம். நீங்கள் நிற்கும் நேரமெல்லாம் தாய் திரும்பாது, முட்டை வெயிலில் கிடக்கும். இடத்தையும் யாருக்கும் சொல்லாதீர்கள்.

இரை வைத்து வரவழைப்பது

வேண்டாம்.

தம்பி லென்ஸைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு படம் அனுப்பினார். அதே பட்டமரம், சூரியன் எழுந்து அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. கரும்பருந்து கிளையை விட்டு அவரைப் பார்த்தே எழும்புகிறது. கழுத்து இறகு ஒவ்வொன்றையும் எண்ணலாம், கண்ணுக்குள் அடிவானம் கோடாகத் தெரிகிறது. இரண்டு சிறகும் பாதியில் வெட்டுப்பட்டிருந்தன.