கனவு வந்ததால் தூக்கம் கெடவில்லை

எனக்குக் கோழித்தூக்கம். ஃபிரிட்ஜ் மோட்டார் ஓடும்போது தூங்கிவிடுவேன், அது ஓடி நிற்கிற நொடியில் முழிப்பு தட்டிவிடும். கூடவே கனவு. வீடு மாற்றிக்கொண்டிருப்பேன், எத்தனை முறை படி ஏறி இறங்கினாலும் கீழே சாமான் குறையாது. காலையில் நிஜமாகவே கால் வலிப்பது போல இருக்கும். "ராத்திரி பூரா கனவு, தூங்கின மாதிரியே இல்லை" என்று பல வருடம் புலம்பியிருக்கிறேன்.

அந்தப் புலம்பலில்தான் முதல் தவறு. பழியைக் கனவின் மேல் போட்டுவிட்டேன். தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாகப் போகிறது. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும், மூடிய இமைக்குள் கண் வேகமாக அசையும் ஒரு கட்டம் உண்டு. 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் இதை விவரித்தார்கள். ரெம் தூக்கம் என்பார்கள். கதை போல நீளும் கனவுகள் பெரும்பாலும் இங்கேதான் வருகின்றன. அடித்துப் போட்டாற்போலத் தூங்குபவருக்கும் வரும், ஆனால் அவர் முழிக்காமல் அதைக் கடந்துவிடுவதால் காலையில் ஒன்றும் நினைவிருக்காது. நடுவில் முழித்துக்கொள்கிற நமக்கு அது அப்படியே ஒட்டிக்கொள்கிறது. ஆக, குறைக்க வேண்டியது கனவை அல்ல, முழிப்பை.

இது புரியாதபோது எல்லோரும் செய்வது, "நேற்று சரியாகத் தூங்கவில்லை, இன்று ஒன்பதுக்கே படுப்போம்" என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உடம்புக்கு ஏழு மணி நேரத் தூக்கம்தான் வேண்டும் என்றால், ஒன்பதரை மணி நேரம் படுக்கையில் கிடந்தாலும் அது அந்த ஏழு மணி நேரத்தையே நீட்டிப் பரப்பும். தூக்கம் மெலிந்து, நடுநடுவே ஓட்டை விழும். தூக்கமின்மைக்கான சிகிச்சையில் இதற்கு நேர்மாறாக, படுக்கையில் இருக்கும் நேரத்தைத்தான் குறைக்கச் சொல்கிறார்கள். எழும் நேரத்தை விடுமுறை நாளிலும் மாற்றாமல் வைத்துக்கொண்டு, தூக்கம் கண்ணைச் சொருகும்போது மட்டும் படுப்பது. முதல் வாரம் பகலில் கொட்டாவியாக வரும். அந்த நாட்களில் வண்டி ஓட்டும்போது கவனம் வேண்டும்.

அலாரத்தை அணைத்துவிட்டு "இன்னும் பத்து நிமிஷம்" என்று திரும்பிப் படுப்பதும் இதே ரகம். ரெம் கட்டம் விடியும் நேரத்தில்தான் நீளமாக இருக்கும். அங்கே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முழித்தால், ஒவ்வொரு முறையும் ஒரு கனவுத் துண்டு கையோடு வரும்.

சத்தம் விஷயத்தில் நான் செய்த தவறு வேறு. அறையில் ஊசி விழும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்று எல்லாவற்றையும் அடைத்தேன். ஊசி விழுந்தது, எழுந்தேன். பெரும்பாலும் நம்மை எழுப்புவது சத்தத்தின் அளவை விட அதில் வரும் திடீர் மாற்றம். ஃபேன் சத்தம் போல ஒரே சீராக ஏதாவது ஓடினால் மற்றச் சின்ன ஓசைகள் அதில் அமுங்கிவிடுகின்றன.

முழித்தால் மணி பார்க்காதீர்கள். மூன்று ஆகிறதா, இன்னும் மூன்று மணி நேரம்தானா என்று கணக்குப் போட ஆரம்பித்தால் அவ்வளவுதான். இருபது நிமிடம் போலத் தோன்றியும் தூக்கம் வரவில்லையா, எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். தூக்கம் திரும்பியதும் படுக்கைக்குப் போகலாம். தூக்கத்துக்கு மதிப்பெண் போடும் கைக்கடிகாரத்தையும் கொஞ்ச நாள் கழற்றி வைக்கலாம். தூக்கத்தின் கட்டங்களை அது ஊகிக்கத்தான் செய்கிறது.

காபி தெரிந்த கதை: மாலை ஐந்துக்குக் குடித்ததில் கிட்டத்தட்டப் பாதி இரவு பத்துக்கும் உடம்பில் இருக்கும். மது இன்னும் தந்திரமானது. படுத்ததும் தூங்க வைத்து, முதல் பாதி இரவில் ரெம்மை அமுக்கி வைக்கும். பின்னிரவில் அமுக்கிய ஸ்பிரிங் போல அது எகிறும். கனவும் முழிப்பும் ஒன்றாக வரும்.

மனச்சோர்வு மாத்திரைகள் சில, புரோப்ரனலால் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகள், புகைப்பழக்கத்தை விடத் தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோடின் பட்டை ஆகியவையும் கனவைத் தூக்கலாக்கலாம். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மனச்சோர்வு மாத்திரையை சட்டென்று நிறுத்தினால் கனவு இன்னும் கூடவும் வாய்ப்புண்டு. மருத்துவரிடம் சொன்னால் அளவையோ வேளையையோ மாற்றிப் பார்ப்பார். குறட்டையோடு மூச்சு திணறி எழுந்தாலும், கனவில் அடிப்பது போலவே பக்கத்தில் படுத்திருப்பவரை நிஜமாக அடித்தாலும், தள்ளிப்போடாமல் போய்ப் பாருங்கள்.

கடைசியாக, கெட்ட கனவுக்கு அர்த்தம் தேடி அர்த்தராத்திரியில் ஃபோனைத் தடவுவது. அதை விடப் பயன்படும் ஒரு முறை உண்டு: பகலில், தெளிவாக இருக்கும்போது, திரும்பத் திரும்ப வரும் கனவின் முடிவை நமக்குப் பிடித்தபடி மாற்றி எழுதி, தினமும் பத்து இருபது நிமிடம் மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது. கொடுங்கனவுகளுக்கு மனநல மருத்துவர்களும் இதைப் பரிந்துரைக்கிறார்கள். நான் என் கனவு வீட்டில் ஒரு லிஃப்ட் வைத்தேன். மூன்றாவது வாரம் கனவு வந்தது. லிஃப்ட் இருந்தது, ஓடவில்லை. ஆனால் கீழே இரண்டே இரண்டு பெட்டிதான் பாக்கி.