க்ளூ கன்: ஒட்டுவதைவிட எடுத்து வைப்பதில்தான் விஷயம் இருக்கிறது

கொலுப் படிக்கு லேஸ் ஒட்ட, ஆரத்தித் தட்டில் கல் பதிக்க என்று தில்லி மயூர் விஹார் தமிழ் வீடுகளில் க்ளூ கன், அதாவது பசைக்குச்சியைச் சூட்டில் உருக்கி ஒட்டும் கருவி, இப்போது சாதாரணம். ஒட்டும் முறையைச் சொல்லித்தர வீடியோக்கள் கொட்டிக் கிடப்பதால் அதை விட்டுவிடுகிறேன். கன் பாழாவது பெரும்பாலும் ஒரு நவராத்திரிக்கும் அடுத்ததற்கும் நடுவில், பரணில் கிடக்கும்போதுதான்.

முதலில் பசைக்குச்சி. 7 மி.மீ., 11 மி.மீ. என்ற இரண்டு அளவுகள்தான் அதிகம் கிடைக்கும். மெல்லிய குச்சியைப் பெரிய கன்னில் செருகினால் பசை பின்பக்கமாக வழியும். குச்சி எத்திலீன் வினைல் அசிடேட் என்ற பிளாஸ்டிக் வகை. தில்லி வெயில் 45 டிகிரியைத் தொடும் மே, ஜூனில் மொட்டைமாடி அறைப் பரணும் வெயிலில் நிற்கும் காரும் அதற்கும் மேலே கொதிக்கும். அங்கே வைத்த குச்சி உருகாவிட்டாலும் இளகும், வளையும், பக்கத்துக் குச்சியோடு ஒட்டிக்கொள்ளும். இறுக மூடும் டப்பாவில் படுக்கவைத்து அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள். மூடி அவசியம். மண்காற்றுத் தூசி குச்சியில் படிந்தால் கன்னின் மூக்குக்குள் கருகி அடைத்துக்கொள்ளும். ஃபிரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுத்ததும் குச்சி வியர்க்கும், அந்த ஈரம் சூட்டில் ஆவியாகிப் பசையைத் தெறிக்கவைக்கும்.

இனி, குச்சி பாதியில் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது? பின்னால் பிடித்து இழுக்கத்தான் கை போகும். இழுக்கவே இழுக்காதீர்கள். முன்பகுதியில் சூடேறும் உலோக அறை, அதன் பின்னால் ரப்பர் போன்ற ஒரு உறை, அதற்கும் பின்னால் குச்சியைத் தள்ளும் விசை. குச்சியை உருவினால் உருகிய பசை நூல் நூலாகக் கூடவே வந்து விசைக்குள் விழுந்து இறுகிவிடும். பிறகு விசை அசையாது. கன்னைப் பத்து நிமிடம் சூடேறவிட்டு, பின்னால் புதுக் குச்சியை வைத்து விசையை மெல்ல அழுத்துங்கள். அடம்பிடித்தால் இன்னும் காத்திருங்கள், பலம் காட்டாதீர்கள். வேலை முடிந்ததும் மிச்சக் குச்சி கன்னுக்குள்ளேயே இருக்கட்டும். மூக்கு கீழ்நோக்கி இருக்கும்படி ஸ்டாண்டில் நிறுத்தி, நன்றாக ஆறிய பிறகே வயரைச் சுற்றுங்கள்.

எது வாங்கலாம் என்றால், ஸ்விட்ச் இல்லாத கன்னை நான் வாங்கமாட்டேன். தெர்மோகோல் வேலைக்குச் சுமார் 120 டிகிரியில் இயங்கும் குறைந்த சூட்டு கன் போதும். 190 டிகிரி வகை அதைக் குழித்துவிடும். கீழே விரிக்க சிலிகான் பாய் வாங்குங்கள், செய்தித்தாள் ஒட்டிக்கொள்ளும்.

பசை கையில் பட்டால் பிய்த்து எடுக்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். உடனே குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். வீங்குவதற்குள் மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். இட்லி மாவு, பேனா மை, பற்பசை எதுவும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். கொப்பளம் பெரிதாக இருந்தாலோ, முகத்தில் பட்டாலோ, பட்டது குழந்தை மேல் என்றாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் கையுறை போட்டுக்கொள்வதை நான் விரும்புவதில்லை. சூட்டில் அதுவே உருகித் தோலோடு ஒட்டும்.

பின்சேர்க்கை: ஜனவரியில் பித்தளைத் தட்டில் கல் நிற்பதில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். குளிர்ந்த உலோகம் சூட்டை உறிஞ்சிவிடுவதால், கல்லை அழுத்துவதற்குள் பசை இறுகிவிடுகிறது. தட்டை ஹேர் டிரையரில் லேசாகச் சூடாக்கிவிட்டு ஒட்டுங்கள். குச்சியை அடுப்பில் காட்டாதீர்கள். இன்னொருவருக்குக் கற்பூரம் ஏற்றியதும் கல் எல்லாம் நகர்ந்துவிட்டதாம். நகரத்தான் செய்யும், இந்தப் பசை சூடு பட்டால் மறுபடி இளகிவிடும், தீயும் பிடிக்கும். கற்பூரத் தட்டுக்கு இந்தப் பசையே வேண்டாம். வேலைப்பாடு உள்ள வெறும் பித்தளைத் தட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.