கையடக்கக் கன்சோல் வாங்கியதும் திரையைச் சோதிப்பது எப்படி? டெட் பிக்சல் முதல் வெளிச்சக் கசிவு வரை

சில வருடங்களுக்கு முன்னால் கைமாறி வந்த கையடக்கக் கன்சோல் ஒன்றைக் கடையில் வாங்கினேன். கடைக்காரர் கார் பந்தயம் ஒன்றைப் போட்டுக் காட்டினார். நீல வானம், வெயில், மஞ்சள் கார் என்று திரை பளிச்சென்று இருந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அன்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, குகைக்குள் நடக்கும் விளையாட்டு ஒன்றைத் திறந்தேன். திரையின் நடுவில் கடுகைவிடச் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. மறுநாள் கடைக்குப் போனால், "நேத்து பார்த்துத்தானே வாங்கினீங்க தம்பி" என்றார். என்னிடம் பதில் இல்லை.

பகல் வெளிச்சத்தில், வண்ணம் நிறைந்த காட்சியில் அந்தப் புள்ளி யார் கண்ணுக்கும் தெரியாது. எந்த நிறத்தை வைத்துத் தேட வேண்டும் என்று தெரிந்திருந்தால் பத்து நிமிடத்தில் பிடித்திருக்கலாம். புதுப் பெட்டியைப் பிரிப்பவர்களுக்கும் பழைய கருவியை வாங்குபவர்களுக்கும் அந்தப் பத்து நிமிட வேலையைத்தான் இங்கே சொல்கிறேன்.

அந்தப் புள்ளி எங்கிருந்து வருகிறது?

2017இல் வந்த முதல் நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலின் திரை 1280×720. அதாவது படத்தை உருவாக்கும் குட்டிப் புள்ளிகள், பிக்சல்கள், 9,21,600. ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துணைப் பிக்சல்கள். ஆக மொத்தம் 27,64,800 குட்டிக் கதவுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்சிடி திரையில் பின்னாலிருந்து விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு கதவையும் ஒரு நுண்ணிய டிரான்சிஸ்டர் திறந்து மூடும். ஒரு டிரான்சிஸ்டர் பழுதானால் அதன் கதவு திறந்தபடியே நின்றுவிடும், அல்லது மூடியபடியே நின்றுவிடும். திறந்தபடி நின்றால் ஒரே நிறத்தில் எரிந்துகொண்டே இருக்கும். அது ஸ்டக் பிக்சல். மூன்று கதவும் மூடியே கிடந்தால் கறுப்புப் புள்ளி. அதுதான் டெட் பிக்சல். ஓஎல்இடி திரையில் பின்விளக்கே கிடையாது, ஒவ்வொரு துணைப் பிக்சலும் தானே ஒளிர்கிறது. அதனால் அங்கே பழுது பெரும்பாலும் இருண்ட புள்ளியாகவே தெரியும்.

புள்ளி எவ்வளவு உறுத்தும் என்பது பிக்சலின் அளவைப் பொறுத்தது. 2004இல் வந்த சோனியின் பிஎஸ்பியில் 4.3 அங்குலத்துக்கு 480×272 பிக்சல்கள்தான், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர். முதல் ஸ்விட்சில் அது 0.11 மில்லிமீட்டர். 7 அங்குலத்தில் 1920×1080 கொண்ட ஆசஸ் ராக் அலை (ROG Ally) கன்சோலில் 0.08 தான். ஆகவே பழைய கருவியில் ஒரே ஒரு பிக்சல் போனாலும் கண்ணைக் குத்தும். புதிய கருவியில் இருபது லட்சத்துக்கும் மேல் பிக்சல்கள் இருப்பதால் ஒன்றிரண்டு பழுதாக வாய்ப்பு அதிகம், ஆனால் கண்டுபிடிக்கக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும்.

படி 1: தயார் செய்வது

திரைமேல் ஒட்டும் காப்புப் படலம், டெம்பர்டு கிளாஸ் எதையும் இப்போது ஒட்டாதீர்கள். அடியில் சிக்கும் தூசியும் காற்றுக்குமிழும் டெட் பிக்சல் போலவே ஏமாற்றும். கருவியோடு வந்த போக்குவரத்து பிளாஸ்டிக்கை உரித்துவிடலாம். ஆனால் ஸ்விட்ச் ஓஎல்இடி மாடலில் மட்டும் கவனம்: கண்ணாடி உடைந்தால் சிதறாமல் இருக்க ஒரு மெல்லிய படலத்தைத் தொழிற்சாலையிலேயே ஒட்டி அனுப்புகிறார்கள். அதை உரிக்கவே கூடாது.

மூக்குக்கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியால் திரையை மெதுவாகத் துடையுங்கள், தண்ணீர் வேண்டாம். பிரைட்னஸை முழுதாக ஏற்றுங்கள். தானாகப் பிரைட்னஸ் மாறும் வசதியையும் ராத்திரிக்கான மஞ்சள் வடிகட்டியையும் அணைத்துவிடுங்கள். அறையை இருட்டாக்குங்கள். கடையில் நின்று பார்க்கிறீர்கள் என்றால் ஒரு கறுப்புப் பையையோ துண்டையோ தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு பாருங்கள். பார்க்க விநோதமாகத்தான் இருக்கும், ஆனாலும் செய்யுங்கள். உங்கள் பணம்.

படி 2: ஆறு படங்கள்

கணினியில் பெயிண்ட் போன்ற ஏதாவது மென்பொருளில் உங்கள் திரையின் அளவுக்கே, அதாவது 1280×720 என்றால் அதே அளவுக்கு, ஆறு வெற்றுப் படங்களை உருவாக்கி பிஎன்ஜி வடிவில் சேமியுங்கள். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் ஐந்தும் சுத்தமான நிறங்கள். சிவப்பு என்றால் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியில் சிவப்பின் மதிப்பு 255, பச்சை, நீலம் இரண்டும் 0. ஆறாவது படம் மிக மங்கிய சாம்பல், மூன்று மதிப்புகளும் 13. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஓஎல்இடி திரைக்கு இதுதான் முக்கியமான படம், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

படி 3: கருவிக்குள் கொண்டுபோவது

ஆண்ட்ராய்டில் ஓடும் கன்சோல் என்றால் எஸ்டி கார்டில் போட்டு கேலரியில் திறந்தால் போதும். ஸ்டீம் டெக்கில் பவர் மெனுவிலிருந்து டெஸ்க்டாப் முறைக்கு மாறி, படத்தை முழுத்திரையாக்குங்கள். பிஎஸ்பியில் மெமரி ஸ்டிக்கில் உள்ள படங்களுக்கான கோப்புறையில் போட்டு ஃபோட்டோ பகுதியில் திறக்கலாம். ஸ்விட்சில் வெளிப் படங்களை அப்படி எளிதில் திறக்க முடியாது. யூடியூப் செயலியைப் போட்டு, டெட் பிக்சல் சோதனைக்கான காணொளி ஒன்றை ஓடவிட்டு நிறுத்திப் பார்ப்பதே சுலபம். இணையம் இல்லாத இடத்தில் செட்டிங்ஸில் தீம் பகுதிக்குப் போய் வெள்ளையையும் கறுப்பையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஐகான்கள் கொஞ்சம் மறைக்கும், ஒன்றும் பார்க்காததற்கு இது எவ்வளவோ மேல்.

படி 4: பார்ப்பது

திரையை மனதுக்குள் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கண்ணை ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்து விநாடி நிறுத்துங்கள். மொத்தத் திரையையும் ஒரே பார்வையில் மேய்ந்தால் ஒன்றும் சிக்காது. மூலைகளுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

முதலில் வெள்ளை. இதில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் முழு பிக்சலும் போயிருக்கலாம். கறுப்பாக இல்லாமல் நிறமாகத் தெரிந்தால் ஒரு துணைப் பிக்சல் மட்டும் இறந்திருக்கிறது. மஞ்சளாகத் தெரிந்தால் நீலம் போய்விட்டது. வாடாமல்லி நிறத்தில் தெரிந்தால் பச்சை போய்விட்டது. நீலமும் பச்சையும் கலந்த மாதிரி தெரிந்தால் சிவப்பு போய்விட்டது. அடுத்து கறுப்பு. இருட்டில் எந்த நிறத்தில் ஒரு புள்ளி எரிகிறதோ, அந்தத் துணைப் பிக்சல் திறந்தபடி நிற்கிறது. நான் கோட்டைவிட்டது இந்தப் படியில்தான். அப்புறம் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒரு சுற்று பாருங்கள். வெள்ளையில் சந்தேகமாகத் தெரிந்த புள்ளி இங்கே உறுதியாகிவிடும்.

புள்ளியாக இல்லாமல் மேலிருந்து கீழாக முழுக் கோடாகத் தெரிந்தால் அது பிக்சல் பழுதே அல்ல, திரைக்குச் செல்லும் இணைப்பில் கோளாறு. 1989இல் வந்த முதல் கேம் பாயில் இது வயதான கருவிகளின் வழக்கமான நோய். திரைக்கு அடியில் உள்ள ரிப்பன் கேபிளின் ஒட்டு விட்டுப்போய் நெடுக்குக் கோடுகள் மறைந்துவிடும். சால்டரிங் அயர்னால் அந்த இடத்தில் இதமாகச் சூடு காட்டி உயிர் கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இன்றைய கருவிகளில் அந்த வேலையை நீங்களாக முயல வேண்டாம்.

படி 5: உண்மையிலேயே பிக்சல்தானா?

புள்ளி கிடைத்ததும் கோபப்படுவதற்கு முன் மூன்று சோதனைகள்.

ஒன்று, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதைப் போனிலோ கணினியிலோ பெரிதாக்கிப் பாருங்கள். அங்கேயும் புள்ளி இருந்தால் தவறு படத்திலோ விளையாட்டிலோ இருக்கிறது. திரையின் பழுது ஸ்க்ரீன்ஷாட்டில் பதியாது. இரண்டு, கருவியை அணைத்துவிட்டு போன் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். அணைந்த திரையில் வெளிறிய புள்ளியாகத் தெரிந்தால் அது தூசி அல்லது கீறல். மூன்று, போன் கேமராவை நெருக்கமாக வைத்துப் பெரிதாக்குங்கள். பிக்சல் பழுது கட்டத்துக்குள் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும். தூசிக்கு விளிம்பு தாறுமாறாக இருக்கும், அக்கம்பக்கத்துப் பிக்சல்கள் மேலும் படர்ந்திருக்கும்.

படி 6: கசிவும் திட்டும்

கறுப்புப் படத்துக்குத் திரும்புங்கள். எல்சிடி என்றால் ஓரங்களிலும் மூலைகளிலும் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். தலையைக் கொஞ்சம் நகர்த்தும்போது வெளிச்சமும் நகர்ந்தால் அது அந்த வகைத் திரைக்கு இயல்பான பளபளப்பு. எந்தக் கோணத்திலும் ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் உண்மையான கசிவு. எல்சிடியில் ஓரளவு கசிவு எல்லாவற்றிலும் உண்டு. விளையாடும்போது கண்ணில் படாத கசிவுக்காகக் கருவியைத் திருப்பி அனுப்புவதில் பயனில்லை என்பது என் கருத்து, மாற்றி வருவது இதைவிட மோசமாக இருக்கவும் கூடும்.

ஓஎல்இடியில் கறுப்பு எப்போதும் அழகாக இருக்கும், குறை அதில் தெரியாது. அதனால்தான் அந்த மங்கிய சாம்பல். 2011இல் வந்த முதல் பிஎஸ் வீட்டாவின் ஓஎல்இடி திரைகள் பலவற்றில் இருண்ட காட்சிகளின்போது அழுக்குத் திட்டு போலத் தெரியும். ஜப்பானியச் சொல்லால் அதை 'முரா' என்பார்கள். பிக்சலுக்குப் பிக்சல் ஒளிர்வு சற்று மாறுவதால் வருவது அது. கைமாறி வந்த ஓஎல்இடி என்றால் சாம்பலிலும் சிவப்பிலும் இன்னொன்றையும் தேடுங்கள்: ஒரே விளையாட்டை மாதக்கணக்கில் விளையாடியிருந்தால் உயிர் எவ்வளவு மீதி என்று காட்டும் பட்டை, வரைபடம் போன்றவற்றின் நிழல் நிரந்தரமாகப் பதிந்திருக்கும். அதற்கு மருந்து கிடையாது. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் வாங்கமாட்டேன்.

படி 7: புள்ளி உறுதியானால்

புதுக் கருவி என்றால் முதல் வேலை, சீரியல் எண்ணும் புள்ளியும் தெரியும்படி படமும் காணொளியும் எடுப்பது. பெட்டியைப் பிரிக்கும்போதே இடையில் நிறுத்தாமல் ஒரு காணொளி எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. பிறகு திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் விற்பவரிடம் போங்கள். இந்தக் கெடுதான் உங்கள் பலம். வாரன்டியை நம்பிக் காத்திருக்காதீர்கள். 2017இல் நின்டெண்டோவே தன் உதவிப் பக்கத்தில், சிறிய எண்ணிக்கையில் ஸ்டக் அல்லது டெட் பிக்சல்கள் இருப்பது எல்சிடி திரைகளின் இயல்பு, அதைக் குறையாகக் கருதக் கூடாது என்று எழுதியிருந்தது. ஐஎஸ்ஓ என்னும் சர்வதேசத் தர அமைப்பு திரைகளுக்கு வகுத்த தரநிலையில் இரண்டாம் வகுப்பு, பத்து லட்சம் பிக்சலுக்கு எப்போதும் எரிபவை 2, எப்போதும் இருண்டவை 2, துணைப் பிக்சல் பழுது 5 வரை அனுமதித்தது. மேசை மேல் தள்ளி வைத்துப் பார்க்கும் மானிட்டர்களை நினைத்து எழுதிய கணக்கு அது. முகத்துக்கு அருகில் வைத்து விளையாடும் கருவிக்கு அதே அளவுகோலைப் பிடிப்பது நியாயமாக எனக்குப் படவில்லை. ஆனாலும் வாதாடும்போது எதிர்த் தரப்பு இதைத்தான் எடுத்து வைக்கும், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

"ஸ்க்ரீன் சரியில்லை" என்று மட்டும் சொல்லாமல், "நடுக் கட்டத்தில் ஒரு சிவப்பு ஸ்டக் பிக்சல், கறுப்புத் திரையில் தெரிகிறது" என்று சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் பேசும் விதமே மாறும்.

திருப்ப வழியில்லாத பழைய எல்சிடி கருவியில் ஸ்டக் பிக்சல் இருந்தால் ஒன்று முயலலாம். நிறங்களை வேகமாக மாற்றும் காணொளியை அரைமணி நேரம் ஓடவிட்டால் எப்போதாவது அது விழித்துக்கொள்ளும். உறுதி இல்லை. முழுதாக இறந்த பிக்சலுக்கு இது பலிக்காது. ஓஎல்இடியில் செய்யவே வேண்டாம். ஓடும்போது திரையைத் துணியால் மூடி வையுங்கள். வேகமாக மின்னும் வெளிச்சம் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து. விரலாலோ பென்சிலாலோ அழுத்திச் சரிசெய்யலாம் என்று சொல்பவர்களைக் கேட்காதீர்கள். ஒரு புள்ளியோடு போவது பக்கத்துப் பிக்சல்களையும் கெடுத்துவிடும்.

எல்லாம் சரியாக இருந்தால் ஆறு படங்களையும் அழிக்காமல் வைத்திருங்கள். சில பழுதுகள் கருவி நாலைந்து நாள் சூடேறி ஆறிய பிறகுதான் தலைகாட்டும். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்கு முந்தின நாள் ராத்திரி வெள்ளையையும் கறுப்பையும் மட்டும் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். அதற்கப்புறம் டெம்பர்டு கிளாஸை ஒட்டிக்கொள்ளலாம்.