கஞ்சி போட்ட காட்டன் சேலையில் அலுவலகம்: புதிதாகக் கட்டுபவர்களுக்கு

காலை எட்டு மணிக்குக் கண்ணாடி முன்னால் எந்தக் காட்டன் சேலையும் நன்றாகத்தான் இருக்கும். பதினொரு மணிக்கு முந்தி தோளில் கயிறாகத் திரிந்து, இடுப்பில் முன்பக்கம் மடித்துச் செருகிய கொசுவம் குடையாக விரிந்து கிடந்தால், பாதிக் குறைதான் கட்டிய விதத்தில். மீதிப் பாதி முந்தைய நாள் வேலையில் இருக்கிறது: கஞ்சி கூடிப்போயிருக்கும், ஈரம் முழுக்கக் காய்ந்தபின் இஸ்திரி போட்டிருப்பீர்கள், மடிப்பை இரவே எடுத்து வைத்திருக்க மாட்டீர்கள். அதனால் இங்கே பெரும்பகுதி, சேலையை இடுப்பில் சுற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதைப் பற்றியே இருக்கும்.

முதலில் வழக்கமாக வரும் சந்தேகம்: அலுவலகத்தில் சேலை கட்டாயமா? தமிழக அரசு 2019இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வெளியிட்ட உடை விதியிலேயே சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவுடன் சுடிதார் மூன்றுக்கும் இடம் உண்டு. ஆண்களுக்குச் சட்டையுடன் பேன்ட்டோ வேட்டியோ. தனியார் நிறுவனங்களில் அவரவர் விதி. சேரும்போது தரும் தாள்களில் இருக்கும், படித்துப் பாருங்கள். சுழலும் இயந்திரத்துக்குப் பக்கத்திலோ, தீ எரியும் ஆய்வுக்கூடத்திலோ வேலை என்றால் சேலையே வேண்டாம். முந்தி சிக்கினால் இழுத்து விடுவிக்க நேரம் இருக்காது.

என்னென்ன வேண்டும்

சேலை ஐந்தரை மீட்டர் இருக்க வேண்டும். ரவிக்கைத் துணியோடு வந்தால் மொத்தம் 6.2 மீட்டருக்குப் பக்கத்தில் வரும். அகலம் 46 முதல் 48 அங்குலம். கடையில் 60, 80, 100, 120 கவுண்ட் என்று சொல்வார்கள். எண் கூடக் கூட நூல் மெல்லிசு. புதிதாகக் கட்டுபவர்களுக்கு 80 கவுண்ட் தோது; மடிப்பு பேச்சைக் கேட்கும், உள்ளே தெரியாது. 120 கவுண்ட் தொட்டால் பட்டுப்போல இருக்கும், ஆனால் இடுப்பில் நிற்காமல் நழுவும், ஊக்கு குத்தினால் சீக்கிரம் கிழியும். செட்டிநாட்டுக் கண்டாங்கி கனமான ரகம். கஞ்சியே இல்லாமலும் ஓரளவு நிற்கும் என்பதால் முதல் சேலையாக அதை வாங்குவது புத்திசாலித்தனம்.

உள்பாவாடை காட்டனில், சேலை நிறத்திலேயே இருக்கட்டும். வழுவழுப்பான சாட்டின் பாவாடையில் செருகியது நிற்காது. நாடாவை நாள் முழுக்க ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டினால் தோல் கறுத்து, நாளடைவில் புண்ணாகும். இரண்டு அங்குல அகலத்தில் பட்டி வைத்துத் தைத்த பாவாடை நல்லது. சின்ன ஊக்கு ஐந்து, துணி கிளிப் நான்கு, அளவு நாடா ஒன்று. அவ்வளவுதான்.

படி 1: முதல் அலசல், ஃபால்ஸ்

புதுச் சேலையின் உள்முனையில் (முந்திக்கு எதிர்முனை) ஒரு ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியில் தேயுங்கள். சாயம் ஒட்டினால் தனியாக அலச வேண்டிய சேலை அது. அரை வாளி குளிர்ந்த தண்ணீரில் ஒரு கைப்பிடி கல் உப்பைக் கரைத்து, 15 நிமிடம் முக்கி, உடனே அலசிக் காயப்போடுங்கள். உப்பு சாயத்தை நிரந்தரமாகக் கட்டிப்போடும் என்று நம்பி இரவு முழுக்க ஊறவைப்பவர்கள் உண்டு. அது கரையின் சாயத்தைச் சேலையின் உடல்பகுதிக்கு இறக்கிவிடும். உப்பு சாயம் ஓடுவதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், அவ்வளவே.

கீழ்க்கரையின் உள்பக்கம் வைத்துத் தைக்கும் ஃபால்ஸ் துணியையும் தைப்பதற்கு முன் தண்ணீரில் நனைத்துக் காயவைக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் சேலை அப்படியே இருக்க ஃபால்ஸ் மட்டும் சுருங்கி, கீழ்க்கரை அலை அலையாக இழுத்துக்கொள்ளும். பிரித்துத் தைப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஃபால்ஸ் 3 அங்குல அகலம், ஏறக்குறைய இரண்டே முக்கால் மீட்டர் நீளம். முதல் சுற்றும் கொசுவமும் வரும் பகுதிக்கு அது போதும்.

படி 2: கஞ்சி

பருத்தி நூலுக்குத் தானாக விறைப்பு கிடையாது. கஞ்சி நூலின் மேல் மெல்லிய படலமாகக் காய்ந்து நிற்பதால்தான் மடிப்பு மடிப்பாகவே இருக்கிறது. படலம் தடித்தால் அதே கஞ்சி எதிரியாகிவிடும்: சேலை காகிதம்போல மொடமொடக்கும், கொசுவம் விரியும், மடித்த கோட்டிலேயே நூல் ஒடியும். பாலியெஸ்டர் கலந்த சேலையில் கஞ்சி சரியாகப் பிடிக்காது. பட்டுக்குப் போடவே கூடாது.

ஒரு சேலைக்கு ஜவ்வரிசிக் கஞ்சியின் அளவு இது. இரண்டு மேசைக்கரண்டி ஜவ்வரிசியை அரை மணி நேரம் ஊறவையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில், மிதமான தீயில், கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள். மணிகளின் நடுவில் தெரியும் வெள்ளைப் புள்ளி மறைந்து கண்ணாடியாக வந்ததும் இறக்கி, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். பிழிந்து அழுத்த வேண்டாம், கட்டியும் சேர்ந்து இறங்கிவிடும். ஆறியபின் மூன்று லிட்டர் தண்ணீர் சேருங்கள். விரல்களை முக்கி எடுத்தால் லேசான வழவழப்பு தெரிய வேண்டும். விரல்கள் ஒட்டிக்கொண்டால் இன்னும் ஒரு லிட்டர் தண்ணீர்.

சாதம் வடித்த கஞ்சியும் ஆகும்: இரண்டு பெரிய டம்ளருக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர், இரண்டு முறை வடிகட்டி. உப்புப் போட்டு வடித்த கஞ்சி மட்டும் வேண்டாம். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் சென்னை மாதிரி ஊரில் மதியத்துக்குள் சேலை துவண்டுவிடும். காலையில் வடித்த கஞ்சியை மாலைவரை வைத்திருந்து போட்டால் புளிப்பு வாடை துணியில் தங்கும். வேர்வை சேர்ந்தால் பக்கத்து இருக்கைக்கும் தெரியும்.

துவைத்து அலசிய சேலை, தண்ணீர் சொட்டாத ஈரத்தில் இருக்கும்போதே கஞ்சியில் போட வேண்டும். காய்ந்த சேலையைப் போட்டால் முதலில் நனையும் இடம் கஞ்சியை அதிகம் குடித்துவிடும், திட்டுத் திட்டாக விறைக்கும். முழுச் சேலையையும் ஒரே முக்கில் இறக்கி, ஐந்து நிமிடம் கசக்கிப் புரட்டி, முறுக்காமல் பிழியுங்கள். கறுப்பு, கருநீலம், அரக்குச் சேலைகளுக்குக் கஞ்சியை இன்னும் ஒரு மடங்கு நீர்க்கவிடுங்கள், இல்லாவிட்டால் காய்ந்ததும் சாம்பல் பூத்த மாதிரி வெள்ளை தெரியும். வெள்ளைச் சேலைக்கு மூன்று நான்கு சொட்டு நீலத்தைத் தனிக் குவளையில் கரைத்துவிட்டு, பிறகு கஞ்சியில் ஊற்றுங்கள். சேலையின் மேல் நேராகச் சொட்டவிட்டால் புள்ளி விழும்.

நிழலில், கொடியில் அகலமாக விரித்து, இரண்டு ஓரத்தையும் இழுத்து நீவிக் காயப்போடுங்கள். இந்த நீவல் இஸ்திரி வேலையில் பாதியைக் குறைக்கும். வெயிலில் போட்டால் மேலே இருக்கும் பக்கம் முதலில் காய்ந்து, சாயமும் வெளுக்கும்.

படி 3: இஸ்திரி

கஞ்சிச் சேலை முழுக்கக் காய்ந்துவிட்டால் சுருக்கம் போகாது. முக்கால் காய்ச்சலில் எடுங்கள். தவறிவிட்டால் தண்ணீர் தெளித்து, சுருட்டி, ஒரு துண்டில் பொதிந்து 20 நிமிடம் வையுங்கள். ஈரம் சீராகப் பரவும். பிறகு பெட்டியைக் காட்டன் அளவில் வைத்து, அடர் நிறங்களை உள்பக்கமாகத் தேயுங்கள். மேல்பக்கம் தேய்த்தால் பளபளவென்று தடம் விழும். ஜரிகை இருந்தால் மேலே ஒரு மெல்லிய துணி. பெட்டியின் அடியில் பழுப்பாகக் கஞ்சி ஒட்டுகிறது என்றால் ஒன்று சூடு அதிகம், அல்லது கஞ்சி சரியாக வடிகட்டப்படவில்லை.

படி 4: இரவே மடிப்பு

இது கொஞ்சம் கணக்கு. சேலையின் நீளம் 216 அங்குலம். உங்கள் இடுப்புச் சுற்று 40 என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்றுக்கு 40. இடது பக்கத்திலிருந்து முதுகுப் பக்கமாக வலது இடுப்புக்கு வர 30. அங்கிருந்து மார்பைக் கடந்து இடது தோளுக்கு 27. தோளிலிருந்து முழங்காலுக்குப் பின்னால்வரை முந்தி 38. மொத்தம் 135. மீதி 81 அங்குலம்தான் கொசுவத்துக்கு. ஐந்து அங்குல மடிப்பு ஒன்று 10 அங்குலத்தைத் தின்னும், ஆக எட்டு மடிப்பு. இடுப்பு 46 என்றால் ஒரு மடிப்பு குறையும். கூடுதல் மடிப்பு வேண்டுமென்றால் முந்தியைத்தான் குறைக்க வேண்டும். "எனக்கு மட்டும் கொசுவம் வரமாட்டேன் என்கிறது" என்பவர்கள் பெரும்பாலும் முந்தியைக் கெண்டைக்கால்வரை விட்டிருப்பார்கள்.

முந்தியைக் கட்டிலில் விரித்து, கரை வெளியே தெரியுமாறு 5 அங்குலப் பட்டைகளாக விசிறி மடிப்பாக மடியுங்கள். 46 அங்குல அகலத்தில் ஒன்பது பட்டை வரும், அதாவது ஐந்து மடிப்பு. தோள் ஒல்லியாக இருந்தால் 4 அங்குலப் பட்டையில் ஆறு மடிப்பு. முந்தி முனையிலிருந்து 38 அங்குலத்தில் கிளிப் போடுங்கள். அதுதான் தோள்புள்ளி. அதுவரை பெட்டியால் அழுத்தித் தேயுங்கள், அதற்கு மேல் தேய்க்க வேண்டாம்; மார்புப் பகுதி விரிந்து படிய இடம் வேண்டும்.

பிறகு உள்முனையிலிருந்து இடுப்புச் சுற்று அளவுக்கு அளந்து விட்டு, அங்கிருந்து கொசுவ மடிப்பு. எல்லா மடிப்பின் கீழ்க்கரையும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். மேலே சமமாக இருப்பது முக்கியமில்லை, அது செருகும்போது மறைந்துவிடும். மேலே கிளிப் போட்டுக் கீழ்வரை தேய்த்து, ஹேங்கரில் தொங்கவிட்டால் காலையில் பத்து நிமிட வேலை.

படி 5: கட்டுதல்

அலுவலகத்துக்குப் போடும் செருப்பைப் போட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள். வெறுங்காலில் கட்டிவிட்டு ஒரு அங்குலக் குதிகாலை மாட்டினால் கரை கணுக்காலுக்கு ஏறிவிடும்.

பாதங்களை ஒரு அடி தள்ளி வைத்து நில்லுங்கள். உள்முனையைத் தொப்புளுக்குச் சற்று வலப்பக்கம் செருகி, இடப்பக்கமாகப் பின்னால் கொண்டுபோய் ஒரு முழுச் சுற்று. கால்களைச் சேர்த்து நின்று இறுக்கமாகச் சுற்றினால் பேருந்துப் படியில் கால் எடுக்க முடியாது. சுற்றியதும் ஒரு நாற்காலி உயரத்துக்குக் காலைத் தூக்கிப் பாருங்கள், பிடித்தால் தளர்த்துங்கள்.

முந்தியைப் பின்னால் சுற்றி, வலது அக்குளுக்கு அடியில் கொண்டுவந்து, இடது தோளில் போட்டு, தோள்புள்ளியில் ஊக்கு. ஊக்கை ரவிக்கையின் உள்ளேயிருந்து குத்தி, எல்லா மடிப்பையும் பிடித்து, மறுபடி உள்ளேயே பூட்டுங்கள். குத்துவதற்கு முன் இடக்கையை மேலே தூக்கிக்கொள்ளுங்கள். கை தொங்கும்போது குத்தினால், பேருந்தில் மேல்கம்பியைப் பிடிக்கும் முதல் தடவையே ஊக்கு துணியைக் கிழித்துவிடும்.

இப்போது கொசுவம். முதலில் மேல்விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் கீழே ஒரு ஊக்கு போட்டுவிட்டு, மடிப்பின் திறந்த பக்கம் இடப்புறம் பார்க்க, தொப்புளுக்கு நேராகச் செருகுங்கள். மூன்றாவது ஊக்கு வலது இடுப்பில், மேல்சுற்றைப் பாவாடைப் பட்டியோடு சேர்த்து. இந்த மூன்றுக்கு மேல் வேண்டாம். ஏழெட்டு ஊக்கு போட்டவர்களுக்கு உட்காரும்போது எங்காவது ஒன்று இழுக்கும்.

கொசுவம் குடையாக விரிகிறதா? கஞ்சி கூடிவிட்டது. இப்போதைக்கு உள்ளங்கையை லேசாக நனைத்து, முழங்காலிலிருந்து கீழ்வரை மடிப்பைச் சேர்த்துப் பிடித்து இரண்டு முறை நீவுங்கள். ஈரம் பட்ட கஞ்சி இளகிப் படிந்துவிடும். யாராவது வீட்டில் இருந்தால் கீழே உட்கார்ந்து கரையைப் பிடித்து இழுக்கச் சொல்லலாம். அதைவிட நல்ல வைத்தியம் கிடையாது.

அலுவலகத்தில்

இருசக்கர வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகிறீர்கள் என்றால், பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் காப்பு இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 123. சேலை கார்டைக் கழற்றிவிட்ட வண்டியில் ஏறாதீர்கள். எந்த வண்டியிலும் முந்தியை முன்னால் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் வைத்த நாற்காலியிலும் இதே ஆபத்து உண்டு: நாற்காலியை நகர்த்தும்முன் முந்தி மடியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கழிவறைக்குப் போகும்போது முதலில் கொசுவத்தைக் கீழிருந்து கொத்தாக அள்ளுங்கள், பிறகு பாவாடையோடு சேர்த்து எல்லாவற்றையும் இடுப்புக்கு மேல் சுருட்டுங்கள். பக்கவாட்டில் மட்டும் தூக்கினால் செருகல் வெளியே வந்துவிடும்.

வீடு திரும்பியதும் சேலையை அப்படியே மடித்து வைக்காமல், ஒரு இரவு கொடியில் காற்றாட விடுங்கள். வேர்வை அதிகமில்லாவிட்டால் லேசாகத் தேய்த்து இன்னொரு நாள் கட்டலாம். அடுத்த மாதம்வரை கட்டப்போவதில்லை என்றால் கஞ்சியோடு அலமாரிக்குள் போகக் கூடாது. ராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி விருந்து, மழைக்காலத்தில் பூஞ்சைக்கும். அலசி, கஞ்சியில்லாமல் காயவைத்து மடித்து வையுங்கள்.