ஆயாவுக்கு நினைவு மலர் எழுதும் முறை

கடலூர், புதுச்சேரிப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில், பதினாறாம் நாள் காரியத்துக்கோ முதலாண்டு நினைவு நாளுக்கோ ஆயாவின் (பாட்டியின்) வாழ்க்கையைச் சிறு மலராக அச்சிட்டு உறவினருக்குக் கொடுக்க வேண்டும் என்ற விருப்பம் எழுகிறது. ஆனால் அத்தகைய மலர்களில் பெரும்பாலானவை 'அன்பின் உருவம், பக்தியின் சிகரம், தியாகச் செம்மல்' என்ற புகழுரைகளோடு நின்றுவிடுகின்றன. பெயரை மாற்றினால் எந்த வீட்டுக்கும் பொருந்திவிடும் அந்தச் சொற்களில் நம் ஆயா இல்லை. அவர் என்ன செய்தார், எப்போது செய்தார், யாருக்காகச் செய்தார் என்பதை எழுதினாலே பக்தியும் பாசமும் தாமாகப் புலப்படும். இதற்குக் காலம் வேண்டும் என்பதால், பதினாறாம் நாளுக்கு அவசரப்படாமல் முதலாண்டு நினைவு நாளை இலக்காக வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் ஆயாவின் உடன்பிறந்தோரில் இருப்பவர்களிடமும், அவருடைய வயதை ஒட்டிய அண்டைவீட்டாரிடமும் செல்லுங்கள். பிள்ளைகளிடம் பிறகு கேட்கலாம், ஏனெனில் பிள்ளைகள் அறிந்தது அம்மாவை மட்டுமே, அந்தப் பெண்ணின் இளமையை அல்ல. இசைவு பெற்றுக் கைப்பேசியில் பதிவுசெய்துகொள்ளுங்கள். "ஆயா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமானவர்" என்ற விடைதான் வரும். "விடியற்காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வார்?", "கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது யார் யார் இருந்தார்கள்?", "கையில் காசில்லாத மாதத்தில் என்ன சமைத்தார்?" என்று கேட்டால் விடை வேறாக இருக்கும்.

ஆண்டுகளைக் கண்டுபிடிப்பதுதான் கடினமான வேலை. அந்தத் தலைமுறைப் பெண்கள் பலருக்கு அட்டைகளில் உள்ள பிறந்த தேதி குத்துமதிப்பாக எழுதப்பட்டதே. ஆகவே ஊரறிந்த நிகழ்வுகளை அளவுகோலாக வையுங்கள். 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரர் புதுச்சேரி நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தபோது அவர் சிறுமியா, மணமானவரா? 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது யாருடைய வீட்டில் இருந்தார்? 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலுக்கு முன்பா பின்பா தாத்தா இறந்தார்? பிரெஞ்சு ஆட்சிக்காலத்துப் புதுச்சேரியில் பிறந்தவராயின், அக்காலப் பிறப்புப் பதிவு பிரெஞ்சு மொழியில் இருக்கும். அதில் பெற்றோரின் பெயரோடு அவர்களுடைய வயதும் தொழிலும்கூடக் காணக் கிடைக்கலாம் என்பதால், அதைத் தேடிப் படியெடுப்பது வீண் முயற்சியன்று.

பக்தியைப் பற்றி எழுதும்போது கோயில் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயிலுக்குப் பிரதோஷந்தோறும் போனார் என்றால், நடந்து போனாரா, யாருடன் போனார், முழங்கால் வலி வந்த பிறகு என்ன செய்தார் என்பதையும் சேருங்கள். மாசிமகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையிலோ புதுச்சேரி வைத்திக்குப்பத்திலோ சாமி தீர்த்தவாரி காணப் போனபோது பேரப்பிள்ளைகளுக்கு என்ன கட்டிக்கொண்டு போனார் என்பதும் அந்த பக்தியைச் சேர்ந்ததே. வடலூரில் 1867ஆம் ஆண்டு வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையில் அணையா அடுப்பு இன்றும் எரிகிறது. அந்த அடுப்புக்கென்று நாள்தோறும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை ஆயா தனிப் பானையில் எடுத்து வைத்திருந்தால், எத்தனை புகழுரைகளைவிடவும் அந்தப் பானையைப் பற்றிய ஒரு பத்தி உயர்ந்தது. பிள்ளைக்கு உடல்நலமில்லாதபோது வில்லியனூர் மாதா கோயிலிலும் மெழுகுவத்தி ஏற்றினார் என்றால், உறவினர் முகம் சுளிப்பார்களோ என்று அதை விட்டுவிட வேண்டாம். அவருடைய நம்பிக்கை அவருடையது.

தொண்டைப் பற்றிக் குடும்பத்துக்கு வெளியேதான் கேட்க வேண்டும். பூக்காரம்மா, குடியிருந்தவர்கள், பிரசவத்துக்கு அவர் துணைக்குப் போன வீட்டார், சுனாமியின்போதும் 2015 வெள்ளத்தின்போதும் அவர் கையால் சாப்பிட்டவர்கள் ஆகியோர் சொல்லும் செய்திகள் பல, வீட்டில் யாருக்கும் தெரியாதவையாக இருக்கும். ஆனால் உதவி பெற்றவரின் வறுமையோ கடனோ குடும்பச் சிக்கலோ அச்சில் ஏறும் முன் அவரிடம் வாசித்துக் காட்டி ஒப்புதல் பெறுங்கள். தயங்கினால் பெயரை நீக்கிவிடுங்கள். உதவியை வெளியே சொல்லாமல் செய்தவரின் மலரில் இந்தக் கவனம் கட்டாயம் வேண்டும்.

குறைகளையும் ஓரளவு எழுதலாம். மருமகளிடம் கண்டிப்பாக இருந்தார், பேத்தியைவிடப் பேரனுக்கு ஒரு துண்டு மீன் கூடுதலாக வைத்தார் என்பவை மறைக்க வேண்டியவை அல்ல. அவற்றால் காயப்பட்டவரே சொல்ல முன்வந்தால் அவர் சொற்களிலேயே சேருங்கள்.

பழைய படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிரித்தெடுக்க முயலாதீர்கள், மேற்பூச்சு உரிந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்ய வேண்டும். நடுவில் பின்னடிக்கும் மலருக்குப் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 16 பக்கம் போதுமானது. வம்சாவளிப் பக்கத்தை மட்டும் ஆயாவின் பிறந்தவீட்டார் ஒருவரும் புகுந்தவீட்டார் ஒருவரும் தனித்தனியே சரிபார்க்கட்டும், ஏனெனில் விடுபட்ட ஒரு பெயர் நெடுநாள் மனத்தாங்கலாகிவிடும். மலரைக் கொடுத்த பிறகு "இது இப்படியல்ல" என்று சொல்லிக்கொண்டு பலர் வருவார்கள். அவர்கள் சொல்வதை எல்லாம் ஒரு படியின் ஓரங்களில் பென்சிலால் குறித்து, அந்தப் படியை வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.