வளைவுப் பாலத்துக்கு சிமெண்ட் மூட்டை எதிரி

பழைய வளைவுப் பாலத்தைப் பழுதுபார்க்கப் போகிறவர்கள் முதலில் இறக்குவது சிமெண்ட் மூட்டையைத்தான். கோளாறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. அந்தப் பாலங்களைக் கட்டிய சுண்ணாம்புச் சாந்து மென்மையானது. பாலம் லேசாக அசைந்தால் தானும் இளகிக்கொடுக்கும், உள்ளே இறங்கிய ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பாயின்டிங் செய்தால், அதாவது கல், செங்கல் இடுக்குகளைச் சிமெண்ட் வைத்துப் பூசினால், அந்த வழி அடைபடும். சில மழைக்காலம் கழித்துச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். சிமெண்ட் தகடாக உரியும். பின்னால் சுண்ணாம்பு ஈர மாவாக விரலில் ஒட்டும். செங்கல்லின் முகமும் கூடவே உதிரும். சுண்ணாம்பில் கட்டியதற்குச் சுண்ணாம்புதான் பூச வேண்டும்.

மேலிருந்தும் தண்ணீர் வருகிறது. வளைவின் முதுகில், இரு பக்கச்சுவர்களுக்கு நடுவே மண்ணும் கல்லும் நிரப்பியிருப்பார்கள். தார் வெடிப்பில் இறங்கும் மழைநீர் அங்கே தேங்கிப் பக்கச்சுவரை வெளியே தள்ளும். பாலத்துக்கு அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள்: ஓரத்தை ஒட்டிச் சாலையின் நீளவாக்கில் விரிசல் ஓடினால் அதன் கைவரிசையாக இருக்கலாம். வடிகால் துளைகளைத் திறக்காமல் கைப்பிடிச் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டுப் போவது நம் ஊர் வழக்கம். சுவரில் முளைத்த அரசங்கன்றை வேர் இருக்க, மேலோடு வெட்டுவதும் அதே ரகம்தான்.

பலப்படுத்த வளைவின்மேல் கான்கிரீட் போர்த்துவது நல்ல முறை. ஆனால் அதற்காக ஜேசிபியை ஒரு முனையில் இறக்கி மண்ணை அள்ளிக்கொண்டே போகக் கூடாது. வளைவு நிற்பதே இருபுறமும் சமமாக அழுத்தும் கனத்தால்தான். ஒரு பக்கம் கனம் குறைந்தால் அந்தப் பக்கம் மேலே எழும்பும். நடுவிலிருந்து இருபக்கமும் சமமாக எடுத்து, அடியிலிருந்து ஒரே மட்டமாக நிரப்ப வேண்டும். பக்கத்து வளைவுகளையும் கவனிக்க வேண்டும். ஒன்று இளகினால் இடையிலுள்ள தூண் சாயும்.

அகலப்படுத்தும்போது பழையதையும் புதியதையும் கம்பி போட்டு இணைத்துவிடும் ஆசை வரும். 1843-இல் திறந்த நெல்லை சுலோச்சன முதலியார் பாலம் போன்றவை மாட்டுவண்டிக் காலத்தவை. எப்போதோ அமர வேண்டிய அளவு அமர்ந்துவிட்டன. புதிய பகுதி இனிமேல்தான் அமரும். நடுவே நீளவாக்கில் இடைவெளி விடாவிட்டால் பழைய கல்தான் பிளக்கும். பழைய பக்கச்சுவரின் மேல் பலகையை நீட்டி நடைபாதை போடுவதும் ஆபத்து; அந்தச் சுவர் மண்ணைத் தாங்கக் கட்டியது.

இவ்வளவும் செய்து அஸ்திவாரத்தைப் பார்க்காமல் விடுவதும் உண்டு. மகாராஷ்டிரத்தில் மகாட் அருகே சாவித்திரி ஆற்றின் பழைய கல் வளைவுப் பாலம் 2016 ஆகஸ்ட் 2 இரவு வெள்ளத்தில் போனது, பேருந்துகளோடு. மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் தூணடியில் மணல் எவ்வளவு அரித்திருக்கிறது என்று ஆள் இறங்கி அளக்க வேண்டும்.